கடைசி வாங்கும் கரும்பலகையும்



வகுப்பறை ஒழுங்கு என்றதும் நேராக நிற்கும் வாங்குகளும், துடைத்த கரும்பலகையும், சுவரில் தொங்கும் படங்களுமே நம்மிற் பலரின் நினைவுக்கு வருகின்றன. இவையாவும் வாயிலில் நின்று நோக்குவோரின் கண்ணுக்குரியன. பிள்ளை நோக்குவதோ தன் இருக்கையிலிருந்து. அங்கிருந்து பார்த்தால் வகுப்பறை வேறொன்றாகத் தோன்றக்கூடும்.

இதை நான் ஒரு மாணவனிடமிருந்தே கற்றேன். ஆசிரியப் பணியின் தொடக்க காலத்தில் என் வகுப்பில், கடைசி வாங்கில் அவன் இருந்தான். சொல்வதெழுதலிற் பிழை விடமாட்டான். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் ‘பல்’ என்பதைப் ‘பல’ என்றும், ‘கண்’ என்பதைக் ‘கண’ என்றும் எழுதுவான். கவனமற்றவன் என்று பலமுறை கடிந்துகொண்டேன். அவன் வராத ஒரு நாட்காலை, அவனுடைய இடத்தில் அமர்ந்து கொப்பிகளைத் திருத்த நேர்ந்தது. தலை நிமிர்ந்தபோது, கீழ்வானத்து வெயில் யன்னல் வழியே கரும்பலகையிற் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. எழுத்துக்கள் தெரிந்தன, மெய்யெழுத்துக்களின் புள்ளிகள் தெரியவில்லை. பிழை பிள்ளையுடையதன்று, என்னுடையது என்பதை அன்றுணர்ந்தேன்.

கடைசி வாங்கையே ஒழித்துவிடலாமே என்று சிலர் கேட்பர். 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்’ என்னும் மலையாளத் திரைப்படத்தைத் தொடர்ந்து, கேரளத்துப் பாடசாலைகள் சில வாங்குகளைச் சுவரோரமாக அமைத்தன. 2025 யூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் ‘ப’ வடிவில் இருக்கைகளை அமைக்குமாறு பணித்தது. பிள்ளைகள் கழுத்தைத் திருப்பியே இருக்க நேரும், கண்ணுக்கும் கேடு என்ற மறுப்புகள் எழவே, அத்திட்டம் அவ்வாண்டே நிறுத்தி வைக்கப்பட்டது.

நோக்கம் நன்று. ஆயினும் கணக்கைப் பார்ப்போம். இருபதடி நீளமும் இருபதடி அகலமுமுள்ள அறையில் மூன்று பக்கச் சுவர்களின் நீளம் அறுபதடி. ஒரு பிள்ளைக்கு இரண்டடி வீதம் முப்பது பேரே அமரலாம். மூலைகளையும் வாயிலையும் கழித்தால் அதுவும் குறையும். நாற்பது பிள்ளைகள் இருப்பின் இரண்டாம் வரிசை வேண்டும். கடைசி வாங்கு மீண்டும் வந்துவிடும்.

ஆகவே, எந்த வடிவம் சிறந்தது என்பதற்கு முன், எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று வினவுதல் வேண்டும். தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் முறை இதற்கொரு சான்று. 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய அம்முறை, பின்னர் மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பிள்ளைகள் பாயிற் குழுக்களாக அமர்ந்து அட்டைகளைக் கொண்டு கற்றனர். கைக்கெட்டும் உயரத்தில் அவர்களுக்கென்றே கரும்பலகைகள் அமைந்தன. ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். வேலை மாறியதால் இருக்கையும் மாறியது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்கு வரிசை ஏற்றது. கலந்துரையாடலுக்கு எதிரெதிர் வாங்குகள் ஏற்றன. கதை கேட்பதற்கு வட்டம் ஏற்றது.

இனி, நாவற்குடா போன்ற நம் ஊர்களைக் கருதுவோம். கிழக்கே கடல், மேற்கே வாவி. காலை ஏழரை மணிக்குப் பாடசாலை தொடங்கும்போது வெயில் சாய்வாகக் கிழக்கு யன்னலால் நுழையும். கரும்பலகை மேற்குச் சுவரில் இருந்தால் அது மின்னும். கிழக்குச் சுவரில் இருந்தால் பிள்ளையின் கண் கூசும். தென்சுவரில் அமைத்தால் பிள்ளைக்கு இடப்புறமிருந்து ஒளி வரும். வலக்கையால் எழுதுவோரின் கைநிழல் கொப்பியில் விழாது. நேர்வெயிலைத் தடுக்க யன்னலுக்கு வெளியே ஒரு கிடுகுத் தட்டி போதும். இடக்கையால் எழுதும் பிள்ளையை மேற்குப் பக்க யன்னலோரம் அமர்த்தலாம். மாரியில் வாடைக்காற்றோடு தூவானம் அரைச்சுவரைத் தாண்டி வரும். அக்காலத்தில் அப்பக்கத்து வாங்குகளை உள்ளே இழுத்தல் வேண்டும். ஒரே மண்டபத்தில் இரு வகுப்புகள் நடப்பின், நம் கடைசி வாங்கு அடுத்த ஆசிரியரின் குரலுக்கு அருகே அமையாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்குகளுக்கிடையே ஆசிரியர் நடக்க வழி விடுக. எந்தப் பிள்ளையின் கொப்பியையும் அருகே சென்று காண இயலாவிடின், அந்த ஒழுங்கு ஒழுங்கன்று. வாரந்தோறும் இடங்களை மாற்றுக. ஆனால் பார்வையோ செவிப்புலனோ குறைந்த பிள்ளையை முன்னிருந்து அகற்றற்க. இடம் மாற்றியும் எழுத்துத் தெரியவில்லை என்னும் பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்கு அறிவிப்பது நம் கடன்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. நாளைக் காலை, மணி அடிக்கும் முன் கரும்பலகையில் ‘கண்’ என்று எழுதிவிட்டு, கடைசி வாங்கின் ஓரத்திற் சென்று அமர்ந்து பாருங்கள். புள்ளி தெரிகின்றதா? தெரியாவிடின், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் வாங்கை நகர்த்துங்கள்.