மேய்ச்சற் கால்நடைகளும் கனியுப்பு வேட்கையும்

மேய்ச்சற்றரையின் ஒரு புறத்தே, கூரையிட்ட மரப்பெட்டியொன்றில் உப்பினையும் பிற கனியுப்புக் கலவைகளையும் இட்டுவைத்து, ஆடுமாடுகள் வேண்டும்போது வேண்டும் அளவு நக்கிக்கொள்ளுமாறு விடுதல் பல நாடுகளின் பண்ணைகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். அளந்து ஊட்டாது விலங்கின் விருப்பிற்கே விட்டுவிடுதலின் இதனை விருப்பூட்டல் எனலாம். இம்முறைக்கு அடிப்படையாக உள்ள கொள்கை கேட்பதற்கு இனிமையானது: தன் உடலிற் குறைவது யாதென்பதை விலங்கு தானே அறியும், அதனைத் தேடி உண்டு தன் குறையைத் தானே நிரப்பும் என்பதே அது. இக்கொள்கை முற்றும் மெய்யாயின் கால்நடை வளர்ப்போனுக்குப் பெட்டியை நிரப்புதலன்றி வேறு கவலையில்லை. பொய்யாயின், நிரம்பிய பெட்டியின் அருகிலேயே மந்தை நலிந்து மடியும். ஆதலின் இது வெறும் ஏட்டு வினா அன்று.

இரைமீட்கும் விலங்குகளின் வயிறு நான்கு அறைகளை உடையது. அவற்றுட் பெரியதாகிய முதலறை உண்மையில் ஒரு நொதிப்புக் கலம். அங்கு வாழும் எண்ணிறந்த பற்றீரியாக்களும் பிற நுண்ணுயிர்களும் புல்லின் நாரைச் சிதைத்து அமிலங்களாக்க, விலங்கு அவ்வமிலங்களை உறிஞ்சித் தன் ஆற்றலிற் பெரும்பகுதியைப் பெறுகின்றது. ஆயின் அமிலம் மிகுந்தால் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்களே முதலில் நலிவுறும். இதனைத் தடுத்துச் சமநிலை காப்பது உமிழ்நீராகும். வளர்ந்த பசுவொன்று நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேற்பட்ட உமிழ்நீரைச் சுரக்கின்றது. அதிலே சோடியம் இருகாபனேற்று நிறைய உண்டு. புல்லிலோ பொற்றாசியம் மிகுதி, சோடியம் பெரும்பாலும் குறைவு. சோடியம் கிட்டாதபோது உமிழ்நீரில் அதனிடத்தைப் பொற்றாசியம் மெல்ல மெல்லப் பற்றிக்கொள்ளும். மேயும் விலங்கு உப்பினை நாடுதல் சுவை பற்றியது மட்டுமன்று என்பது இதனாற் புலனாகும்.

உப்பினைப் பொறுத்தவரை மேற்கூறிய கொள்கை மெய்யே. ஆவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் டெரெக் டென்றன் என்னும் அறிஞர் ஆடுகளின் உமிழ்நீர்க் கானொன்றைப் புறத்தே திறந்துவிட்டு, நாடோறும் சோடியம் வீணாகிப்போகச் செய்தார். அவ்வாடுகளின் முன் சோடியம் இருகாபனேற்றுக் கரைசலை வைத்தபோது அவை தாம் இழந்த அளவிற்கு ஏறத்தாழ ஒத்த அளவினைப் பருகின. இதற்கு முன்னரே, 1936 இல், அதிரீனற் சுரப்பி நீக்கப்பட்ட எலிகள் உப்பினை மிகுதியாக உண்டு உயிர்தாங்குதலை அமெரிக்க அறிஞர் கேட் றிக்டர் காட்டியிருந்தார். உப்புப் பசி விலங்கின் குருதியிலும் மூளையிலும் இயல்பாகவே பொறிக்கப்பட்ட ஒன்றாகும்.

பொசுபரசின் கதை இவ்வளவு நேரானதன்று. தென்னாபிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் மாடுகள் கால் முடங்கி, நாவும் தொண்டையும் செயலிழந்து, சில நாட்களில் இறந்துபடும் நோயொன்று குடியானவரை நெடுங்காலம் வருத்தியது. முடநோய் எனப் பொருள்படும் லாம்சீக்தெ என்பது அதன் பெயர். சுவிற்சலாந்திற் பிறந்து பிரிற்றோறியாவின் அருகே ஒண்டர்ஸ்தபூட் ஆய்வுநிலையத்தை நிறுவிய ஆர்னல்ட் தைலர் இதனை ஆராய முற்பட்டார். (மஞ்சட் காய்ச்சற் தடுப்புமருந்திற்காக 1951 இல் நோபெற் பரிசு பெற்ற மக்ஸ் தைலர் இவருடைய மைந்தரே.) விரைபேர்க் என்னும் ஊரின் அருகே, வறுமைச் சமவெளி எனப் பொருள்படும் பெயர் கொண்ட பண்ணையொன்றில் அவர் மந்தைகளைக் கூர்ந்து நோக்கினார். அங்குள்ள மாடுகள் வெளியிற் கிடந்த எலும்புகளைத் தேடித்தேடிக் கடித்து மென்றன. அந்நிலத்திற் பொசுபரசு அருகியிருந்ததே அவ்வேட்கைக்குக் காரணம்; எலும்பிலோ அது நிறைந்திருக்கின்றது. விலங்கு தேடியது சரியான பொருளையே. ஆனால் அழுகிய பிணத்தின் எலும்பிலே பொற்றுலினம் என்னும் கொடிய பற்றீரிய நஞ்சும் ஒட்டியிருந்தது. குறையைத் தீர்க்கப் புகுந்த வேட்கையே கூற்றுவனை அழைத்து வந்தது.

தைலரும் அவர்தம் துணைவரும் 1920 ஆம் ஆண்டளவில் இதனை வெளிப்படுத்தினர். தூய எலும்புத் தூளை ஊட்டியபோது மாடுகள் எலும்பு மெல்லும் பழக்கத்தை விட்டன, நோயும் அகன்றது, அம்மட்டோடு அமையாது அவை நன்கு கொழுத்து வளர்ந்தன. நோயைத் தடுக்கச் சென்றவர் அந்நிலத்தின் வறுமைக்கே மருந்து கண்டனர் எனலாம். பிற்காலத்தில் எலும்புத் தூளின் இடத்தைக் கல்சியம் பொசுபேற்றுப் போன்ற உப்புக்கள் பெற்றன. 1986 இல் பிரித்தானியாவில் இனங்காணப்பட்ட மாட்டு மூளைநோய் விலங்குடற் தூள்களாலே பரவியமை அறியப்பட்டபின், அம்மாற்றம் இன்னும் இன்றியமையாததாயிற்று.

வேட்கை முற்றும் வாய்மூடியிருக்கும் இடமும் உண்டு. நியூசீலாந்திலும் ஆவுஸ்திரேலியாவின் சில கடற்கரைப் பகுதிகளிலும் செழித்த புல்லின் நடுவே ஆடுகளும் மாடுகளும் குருதி வெளிறி, உண்ண மறுத்து, எலும்பும் தோலுமாய் மடிந்தன. குருதிச்சோகை காணப்பட்டமையால் இரும்புக் குறையே காரணம் எனக் கருதி, லிமோனைற்று என்னும் இரும்புத் தாதுவை ஊட்டினர். நோய் தீர்ந்தது, கருத்து உறுதிபெற்றது. ஆனால் ஓரிடத்துத் தாது சிறிதளவிலேயே பயன்தர, மற்றோரிடத்தது மிகுதியாக வேண்டியிருந்தது. இரும்பின் அளவோடு பயன் பொருந்தவில்லை. மேற்கு ஆவுஸ்திரேலியாவில் அண்டர்வுட், பில்மர் என்போர் தாதுவிலிருந்து இரும்பினை நீக்கிவிட்டு எஞ்சியதை ஊட்டினர். அதுவும் நோயைத் தீர்த்தது! தாதுவிற் கலந்திருந்த கோபாற்று என்னும் உலோகமே மருந்தென 1935 இல் தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே தென் ஆவுஸ்திரேலியாவில் மாஸ்ற்றன், லைன்ஸ் முதலியோரும் வேறு வழியால் இம்முடிபினையே அடைந்தனர். ஓர் ஆட்டிற்கு நாளொன்றுக்கு வேண்டுவது ஒரு மில்லிகிராமின் பத்திலொரு பங்களவே. தவறான காரணத்தாற் சரியான மருந்து வாய்த்தமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

கோபாற்றினைக் குருதியிற் செலுத்தினாற் பயனில்லை, வாய்வழி கொடுத்தாற் பயனுண்டு என்பது அறிஞரைத் திகைக்கச் செய்தது. 1948 இல் விற்றமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டு, அதன் நடுவிலே கோபாற்று அமைந்திருத்தல் அறியப்பட்டதும் மறைபொருள் வெளியாயிற்று. அவ்விற்றமினை ஆக்குவன வயிற்றின் முதலறையில் வாழும் நுண்ணுயிர்களே. பசித்திருப்பது அவை, நோயுறுவது ஆடு. நாவிற்கு இச்செய்தி எட்டுவதில்லை.

ஏனைய பலவற்றிலும் இதுவே நிலை. வசந்தகால இளம்புல்லை மேயும் கறவைகள் மகனீசியக் குறையால் வலிப்புற்று வீழ்வதுண்டு. எனினும் மகனீசியம் ஒட்சைட்டின் சுவை பிடியாமையால் அதனைத் தாமே உண்ணா. செம்பிலோ இடர் மறுதலையானது. மாடுகட்கு ஏற்ற கலவையை ஆடுகள் தொடர்ந்து நக்கின், செம்பு அவற்றின் ஈரலிற் சேர்ந்து ஒருநாள் திடீரென உயிரைக் கொள்ளும். கல்சியமும் பொசுபரசும் தனித்தனியே வைக்கப்பட்ட கறவைப் பசுக்கள் தம் தேவைக்கு ஒத்தவாறு தெரிந்துண்ணவில்லை என்பதை 1970 களில் அமெரிக்காவில் நிகழ்ந்த சோதனைகள் காட்டின. அறைகள் பலவாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் உப்பினை இட்டு வைக்கும் பெட்டிகளை விற்போர் இதனைக் கூறுவதில்லை.

ஆகவே அறிவுடைய பண்ணையாளர் விலங்கின் மெய்யான வேட்கை ஒன்றனையே ஊர்தியாகக் கொள்கின்றனர். உப்பின்மேல் அதற்குள்ள நாட்டத்தைக் கொண்டு, அது நாடாத பொசுபரசு, கோபாற்று, செம்பு முதலியவற்றை, அந்நிலத்தின் மண்ணையும் புல்லையும் ஆராய்ந்து அறிந்த அளவில், உப்புடன் கலந்து வைக்கின்றனர். இதிலும் குறையுண்டு. ஒரே மந்தையில் ஒரு மாடு மிகுதியாக நக்கும், மற்றொன்று பெட்டியை அணுகாது. வலியது எளியதை விலக்கும். குடிநீரே உவராயுள்ள இடங்களிற் பெட்டி தீண்டப்படாமற் கிடக்கும். அத்தகைய இடங்கட்கென மாஸ்ற்றனும் உடனாய்வாளரும் 1958 இல் ஒரு வழி கண்டனர். கோபாற்று ஒட்சைட்டைக் களியுடன் சேர்த்துச் சுட்ட கனத்த சிறு குண்டொன்றை ஆட்டினை விழுங்கச் செய்தால், அது வயிற்றறையிலேயே தங்கி, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைந்து, வேண்டுவதை நுண்ணுயிர்கட்கு நேரே அளித்துவரும்.