கோடை இரவில் பக்கிக் குருவி சாலையில் உட்காருவது ஏன்?

ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் பக்கமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்பு பக்கமோ இரவில் வண்டியில் போகிறீர்கள். விளக்கொளியில் தரையில் இரண்டு கனல் துண்டுகள் மின்னினால், அது இரவில் பூச்சி பிடிக்கும் பறவையான பக்கியின் கண்ணாக இருக்கலாம். சிம்னி விளக்குக்குப் பின்னே கண்ணாடி வைத்தால் வெளிச்சம் கூடுமே, அப்படி அதன் விழியின் உள்ளே பின்பகுதியில் ஒளியைத் திருப்பும் படலம் உண்டு. கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தை இருமுறை பயன்படுத்திப் பூச்சியைப் பார்க்கிறது. மரமற்ற சாலையில் உட்கார்ந்தால் மேலே பறக்கும் விட்டில் வானத்தின் பின்னணியில் தெளிவாகத் தெரியும். பகல் வெயிலின் சூடும் தாரில் தங்கியிருக்கும்.

"அடிக்கடி கண்ணில் படுகிறதே, எண்ணிக்கை பெருகிவிட்டதா?" என்று கேட்கலாம். இல்லை, சாலைதான் அதை நமக்குக் காட்டித் தருகிறது. பக்கி கூடு கட்டாது, வெறுந்தரையில் முட்டையிடும். தரிசு பிளாட்டாகும்போது அந்த இடம் போய்விடுகிறது. வட அமெரிக்க நகரங்களில் இதன் உறவுப் பறவை சரளைக்கல் பரப்பிய மொட்டைமாடிகளில் முட்டையிட்டுப் பிழைத்தது. கூரைகளின் பாணி மாறியதும், பூச்சிகள் குறைந்ததும் அதன் சரிவுக்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இங்கே 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. நல்லதுதான், ஆனால் பக்கி விரும்பும் தரிசும் முள்காடும் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன.

முகப்பு விளக்கு அதன் கண்ணைக் கூசவைத்து அசையவிடாது. கனல் மின்னினால் விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறையுங்கள்.