40 வயதில் பத்தாம் வகுப்பு: முதியோர் பராமரிப்பு வேலைக்காகத் திரும்பப் படிக்கலாமா?

"அம்மாவைப் பார்த்துக்க ஆள் வேணும்." பெருநகர அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுக்களில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது. 2011 கணக்கெடுப்பின்போதே இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 கோடிக்கும் மேல்.

இந்த வேலைக்கு வரும் பெண்கள் பலருக்கு மாமியாரையோ அப்பாவையோ வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்ட அனுபவம் உண்டு. ஆனால் கையில் சான்றிதழ் இல்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டாததால் பயிற்சியில் சேரவும் தயங்குகிறார்கள்.

படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்ன செய்யலாம்?

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் (என்ஐஓஎஸ்) பத்தாம் வகுப்பு எழுதலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையா? பத்தாம் வகுப்பைப் படிக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன் என்று சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொன்றாக முடிக்கலாம். தமிழிலும் எழுதலாம்.

அடுத்தது என்ன பயிற்சி?

'ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட்', 'ஹோம் ஹெல்த் எய்ட்' என்ற பெயர்களில் சில மாதப் பயிற்சிகள் இருக்கின்றன. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நாடித்துடிப்பு பார்ப்பது, தொற்று பரவாமல் காப்பது எல்லாம் இதில் வரும். வீட்டில் செய்ததுதானே என்று தோன்றலாம். ஆனால், படுத்த படுக்கையாக இருப்பவரை அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். தூக்கும் முறை தெரியாவிட்டால் பராமரிப்பவரின் முதுகு போய்விடும். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற ஏற்பாடும் உண்டு.

இதை முடித்தால் நர்ஸ் ஆகலாமா?

ஆக முடியாது. பலர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். ஏஎன்எம் நர்சிங் படிப்பு இரண்டு ஆண்டுகள். அதில் சேர பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும், வயதும் 35-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே, 40 வயதுக்காரரிடம் 'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பராமரிப்பு உதவியாளர் ஊசி போடவும் கூடாது.

சம்பளம் கூடுமா?

மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் சான்றிதழ் கைகொடுக்கும். வீடுகளில் அப்படிச் சொல்ல முடியாது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று நாடு தழுவிய தனிச் சட்டம் இல்லை. அதன் தேவையை ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. எனவே ஏஜென்சி மூலம் போனாலும் வேலை நேரம், வார விடுமுறை, கமிஷன் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சேரும் முன் எதைக் கேட்க வேண்டும்?

சான்றிதழ் தருவது என்சிவிஇடி அங்கீகாரம் பெற்ற அமைப்பா? மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி உண்டா? கட்டணத்துக்கு ரசீது கிடைக்குமா? மூன்றில் ஒன்றுக்கு 'பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தாலும், பணம் கட்டாமல் வேறு மையத்தைத் தேடுங்கள்.