ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்ட், ஹோம்புஷ் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து நள்ளிரவில் வரும் தொலைபேசி அழைப்பு, பல வேளைகளில் ஒரே கேள்வியையே எழுப்புகிறது: இறுதிக் கிரியைக்கு முன்னர் போய்ச் சேர முடியுமா?

வான்வழித் தூரம் என்பது, புவியின் வளைந்த பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய பாதையின் நீளம். அக்கணக்கில் சிட்னியிலிருந்து கொழும்பு சுமார் 8,760 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் சுமார் 8,920 கிலோமீட்டர். இப்பாதை ஆஸ்திரேலியக் கண்டத்தைக் குறுக்காகக் கடந்து, போர்ட் ஹெட்லண்ட் அருகே இந்து சமுத்திரத்தை அடைகிறது.

சிங்கப்பூர் வழியாகச் சென்றாலும் கொழும்புக்கான தூரம் ஏறத்தாழ 280 கிலோமீட்டர் மட்டுமே கூடுகிறது. விமானத்துக்கு அது அரை மணி நேரப் பயணம்கூட அல்ல. பயணத்தை நீட்டுவது தூரமல்ல, அடுத்த விமானத்துக்கான காத்திருப்பே. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2021 ஜூலையில் தொடங்கிய சிட்னி - கொழும்பு நேரடிச் சேவை, அக்காத்திருப்பை நீக்கிப் பயணத்தைச் சுமார் 11 மணி நேரமாகக் குறைத்தது. போகும்போது எதிர்க்கும் மேலைக்காற்று, திரும்பும்போது துணைநிற்பதால் வரும் வழியில் நேரம் சற்றுக் குறையும்.

ஆனால், கட்டுநாயக்காவில் இறங்குபவர் யாழ்ப்பாணம் சேர மேலும் ஆறேழு மணி நேரம் தரைவழியே செல்லவேண்டும். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையுடன் இணைக்கப்பட்டது. எனினும், நெடுந்தூரப் பெரிய விமானங்களுக்கு அதன் ஓடுபாதை போதாது.

வான்வழிக் கணக்கில் கொழும்பைவிட 160 கிலோமீட்டரே கூடுதலான யாழ்ப்பாணம், தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விரையும் பிள்ளைக்கு இன்னொரு பகல் தள்ளியே இருக்கிறது.