பட்டம் தவறிய பாத்தி

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர் காந்தலூர். மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஊர்களோடு சேர்த்து இதனை அஞ்சுநாடு என்பர். முன்னொரு காலத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கு வாழ்கின்றனர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி அமைத்த நிலங்களில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு முதலியன விளைகின்றன. காந்தலூர், வட்டவடைப் பகுதிகளில் விளையும் பூண்டு 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இவ்வூருக்குக் கார்த்திகைத் தொடக்கத்தில், அதாவது நவம்பர் 20ஆம் நாள் வாக்கில், ஒரு குடும்பம் குடிவருகிறது எனக் கொள்வோம். வீட்டின் பின்புறம் சிறிதளவு நிலம் புல் மண்டிக் கிடக்கிறது. அண்டை வீட்டாரின் பாத்திகளிலோ கேரட் தழைத்து நிற்கிறது. இனி விதைத்தால் விளையுமா? அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டுமா? உங்களில் பலருக்கு இந்நிலை புதிதன்று. பெற்றோரின் பணிமாற்ற ஆணை பருவம் பார்த்து வருவதில்லை.

பட்டம் என்றவுடன் வானில் பறப்பது உங்கள் நினைவுக்கு வரும். கல்லூரியில் பெறுவதும் பட்டமே. உழவர் கூறும் பட்டம் வேறு. அது விதைப்பதற்கு ஏற்ற காலத்தைக் குறிக்கும். ஆடிப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என மாதப் பெயரோடு சேர்த்து வழங்குவர். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழியை வீட்டுப் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். ஆடியில் விதைத்த பயிர் ஐப்பசி மழைக்கு முன்பே வேரூன்றிவிடும் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இது நன்கு பொருந்தும். ஆயினும் ஒரூரின் பட்டம் மற்றோர் ஊருக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. அதனால் புதிதாக வந்தவர் எத்தனை நாள் கடந்துவிட்டது என்று கணக்கிடுவதைவிட, இவ்வூரில் எது முதலில் தீரும் என்று கேட்பதே பயன் தரும்.

காந்தலூரில் முதலில் தீர்வது மழை. தென்மேற்குப் பருவமழை மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்க்கிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே வரும்போது மேகத்தில் ஈரம் குறைந்துவிடுகிறது. இவ்வாறு மலை மறைப்பதால் மழை குறையும் நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். மூணாற்றில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அங்கிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ள சின்னாற்றில் ஏறத்தாழ 500 மில்லிமீட்டரே பெய்யும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது காந்தலூர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழை இவ்வூர்ப் பாத்திகளுக்குப் பெரிதும் உதவுகிறது. அதன் பின்னர் வறண்ட மாதங்கள் தொடங்கிவிடும்.

வேறோர் ஊரில் வேறொன்று முதலில் தீரும். பிரிட்டனில் நிலமில்லாத மக்கள் காய்கறி பயிரிட, உள்ளாட்சி அமைப்புகள் சிறு நிலத்துண்டுகளைக் குறைந்த வாடகைக்குத் தருகின்றன. இதற்கான முக்கியச் சட்டம் 1908ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒரு முழுத் துண்டு சுமார் 250 சதுர மீட்டர். இலண்டனில் அத்தகைய துண்டு ஒன்று அக்டோபரில் கைக்கு வந்தால், அங்கே குறைவது மழையன்று, வெயிலும் பகலும்! ஜூன் மாதத்தில் 16 மணி நேரத்துக்கும் மேலாக நீளும் பகல், டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். கீரை விதைத்துப் பயனில்லை. ஆனால் பூண்டு நடலாம். குளிர் முழுவதும் மண்ணுக்குள் இருந்து, அடுத்த ஆண்டு ஜூன், ஜூலையில் அது முற்றும். காந்தலூரில் பகல் பொழுது ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணிக்குச் சற்றே கூடும், சற்றே குறையும். எனவே வெளிச்சத்தைப் பற்றி இங்குக் கவலை வேண்டா.

காவிரிப் படுகை உழவரும் காலந்தாழ்ந்த தொடக்கத்தை அறிவர். பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2017ஆம் ஆண்டில் அது அக்டோபர் 2ஆம் நாளில்தான் திறக்கப்பட்டது. நீர் தாமதமானால், 155 நாளுக்கு மேல் வளரும் சி.ஆர். 1009 போன்ற நெல்லை விடுத்து, வயது குறைந்த நெல்லைத் தேர்வது அவர்கள் வழக்கம். ஆடுதுறை 36 என்னும் நெல்லுக்கு ஏறத்தாழ 110 நாளே வயது. நிலம் அதுவே, நாள் குறைந்ததால் விதை மாறுகிறது.

இனி நம் பாத்திக்கு வருவோம். நவம்பர் 20 முதல் டிசம்பர் இறுதி வரை எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 40 நாள்கள். கீரை 30 நாளில் பறிக்க வரும். முள்ளங்கியும் கொத்தமல்லியும் 40 முதல் 45 நாளில் தயாராகும். விதை உறையில் அச்சிட்ட நாள்கள் பெரும்பாலும் சமவெளிக்கு உரியவை. குளிரில் பயிர் மெதுவாக வளருமாதலால் ஒரு வாரம் அல்லது பத்து நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். பீன்ஸ் ஏறத்தாழ 60 நாளில் காய்க்கும். மழை நின்ற பின் மூன்று வாரம் கைநீர் ஊற்ற முடிந்தால் அதனையும் விதைக்கலாம். கேரட்டுக்கு 100 நாள் வேண்டும். மார்ச் தொடக்கம் வரை நீர் தர இயலாத வீடு அதனை இம்முறை விட்டுவிடுதல் நலம். முட்டைக்கோஸில் ஒரு வழி உண்டு. நாற்றாக வாங்கி நட்டால் நாற்றங்காலில் கழியும் ஒரு மாதம் மிச்சமாகும். எனினும் நட்ட பிறகும் மூன்று மாதம் தேவை. கேரட், முள்ளங்கி போன்ற வேர்ப்பயிர்களை நாற்றாகப் பிடுங்கி நடக் கூடாது. வேர் கோணிப் பிளவுபடும்.

காந்தலூருக்கு வந்தவருக்குப் பூண்டு நட ஆசை எழுவது இயல்பு. இங்குச் சற்று நிதானம் வேண்டும். பூண்டுக்குத் தனி விதை இல்லை. நாம் உண்ணும் பல்லே விதை. 120 முதல் 130 நாள் வளரும் இப்பயிரை நவம்பர் இறுதியில் நட்டால், மார்ச் மாத இறுதியில்தான் முற்றும். இடையில் நீர் வற்றினால் பல் பருக்காது. உணவுக்கு வைத்ததும் போய், அடுத்த பட்டத்துக்கு விதையும் இல்லாமல் போகும். நீர் உறுதியில்லாத வீட்டார் நல்ல பூண்டைக் கட்டித் தொங்கவிட்டுக் காத்திருப்பதே மேல். கையளவு நட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

நிலம் முழுவதையும் ஒரே நாளில் கொத்திவிட வேண்டும் என்னும் வேகம் புதியவருக்கு வரும். அது வேண்டா. கொத்திய மண்ணை வெறுமையாக விட்டால் சரிவில் மழை அதனை அடித்துச் செல்லும். இரண்டு பாத்திக்கு வேண்டிய இடத்தை மட்டும் களை நீக்கிக் கொத்தி, நன்கு மட்கிய தொழுவுரம் இடுக. பாத்தியின் நீளம் சரிவுக்குக் குறுக்கே அமைய வேண்டும். நீர் ஓடாமல் நின்று ஊறும். எஞ்சிய புல்லை அறுத்து அங்கேயே பரப்பலாம். காய்ந்த புல்லையும் இலையையும் இவ்வாறு மண்மேல் பரப்புவதை மூடாக்கு என்பர். அது ஈரத்தைக் காக்கும், களையையும் அடக்கும். இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் யூகலிப்டஸ் இலையை மட்டும் விதைத்த பாத்தியில் இட வேண்டா. அதிலுள்ள சில பொருள்கள் விதை முளைப்பதைத் தடுக்கும்.

முள்ளங்கி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல், வாரத்துக்கு ஒரு வரிசையாக இரண்டு மூன்று வாரம் விதைப்பது நல்லது. கடைசி வரிசைக்கு மழை கிட்டாமல் போகலாம். அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீரும் அதற்குப் போதும். ஒரு குறிப்பேட்டில் விதைத்த நாள், முளைத்த நாள், பறித்த நாள் ஆகியவற்றோடு கடைசி மழை பெய்த நாளையும் எழுதிவருக. அடுத்த கார்த்திகையில், 40 என்று நாம் இங்குக் கொண்ட எண்ணுக்கு மாறாக, உங்கள் பாத்திக்கே உரிய எண் கையில் இருக்கும்.