பழைய அலகு, புதிய தொகுப்பான்

மாணவர்களே, மூலச் செய்நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது தொகுப்பானின் பணி என்பதைக் கற்றுள்ளீர்கள். மூலச் செய்நிரல் ஒன்றாக இருந்தாலும், தொகுப்பான் மாறும்போது விளைவும் மாறலாம். இதற்குப் பொருந்தாமை என்று பெயர். பஸ்கால் மொழியைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

1. இரு தொகுப்பான்கள்

பஸ்கால் மொழியை நிக்லஸ் வேர்த் 1970இல் வெளியிட்டார். அம்மொழிக்கான டேர்போ பஸ்கால் தொகுப்பானை போலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்டது. 1993இல் தொடங்கப்பட்ட பிரீ பஸ்கால் ஒரு கட்டற்ற மென்பொருளாகும். அது விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் இயங்கும்.

பல செய்நிரல்களுக்குப் பொதுவான செயன்முறைகளைத் தனிக் கோப்பில் எழுதி வைப்பது அலகு எனப்படும். இது ஒரு சிறு நூலகம் ஆகும்.

2. தொகுத்த அலகு ஏன் பொருந்துவதில்லை?

டேர்போ பஸ்கால் அலகைத் தொகுத்து டீபீயூ கோப்பாகத் தரும். பிரீ பஸ்கால் பீபீயூ கோப்பாகத் தரும். ஒன்றின் கோப்பை மற்றது வாசிக்காது. பிரீ பஸ்காலின் வெவ்வேறு பதிப்புகளுக்கிடையேயும் பீபீயூ கோப்பு ஏற்கப்படாது போகலாம். மூலக் கோப்பு இருந்தால் மீளத் தொகுக்கலாம். இல்லாவிடின் அலகைப் புதிதாகவே எழுத வேண்டும்.

3. வழுச்செய்தி இல்லாத வழு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், நெல் வயல்கள் சூழ்ந்த மண்டூரில், ஒரு விவசாயியின் விளைச்சலைக் கணிக்க ஓர் அலகு எழுதியுள்ளீர்கள் எனக் கொள்வோம். மூடை ஒன்று 66 கிலோ, மூடைகள் 600.

600 × 66 = 39,600 கிலோ

டேர்போ பஸ்காலிலும் பிரீ பஸ்காலின் இயல்பு நிலையிலும் இன்டிஜர் வகை 16 பிற்றுகள் கொண்டது. அதன் ஆகக்கூடிய பெறுமானம் 32,767. எனவே விடை 39,600 − 65,536 = −25,936 என வரும். அதே அலகை பிரீ பஸ்காலின் டெல்பி முறையில் தொகுத்தால் இன்டிஜர் 32 பிற்றாகும். விடை சரியாக வரும். இரு வேளையும் தொகுப்பான் குறை கூறாது. விவசாயியின் கணக்கு மட்டுமே பிழைக்கும்.

தீர்வு: இரு தொகுப்பான்களிலும் 32 பிற்றாகவே உள்ள லோங்இன்ட் வகையைப் பயன்படுத்துக.

4. வேகத்தால் வந்த வழு

டேர்போ பஸ்காலின் சீஆர்டீ அலகு, தொடக்கத்தில் ஏறத்தாழ 55 மில்லிசெக்கனில் எத்தனை சுற்றுகள் ஓடுகின்றன என எண்ணி, அதனை 55ஆல் வகுக்கும். வேகமான கணினிகளில் ஈவு 65,535ஐ விஞ்சியதால் ‘இயக்கநேர வழு 200’ தோன்றிச் செய்நிரல் நின்றது. அவ்வழு எண் பூச்சியத்தால் வகுத்தலைக் குறிப்பது. ஆகவே தம் வரிகளில் பூச்சியத்தைத் தேடியவர்கள் காரணத்தைக் காணவில்லை. வழு நூலகத்திலேயே இருந்தது. பிரீ பஸ்கால் தன் சொந்த சீஆர்டீ அலகைக் கொண்டுள்ளதால், அதில் மீளத் தொகுத்தால் இவ்வழு வராது.

5. கைக்கொள்ள வேண்டிய படிமுறை

(அ) மூலக் கோப்பின் பிரதியொன்றைப் பாதுகாப்பாக வைக்குக.
(ஆ) பழைய தொகுத்த கோப்புகளை அகற்றி, அலகுகளை முதலிலும் பிரதான செய்நிரலைப் பின்னரும் தொகுக்குக.
(இ) முதலாவது வழுச்செய்தியை முதலில் திருத்துக. பின்வருவன பல அதன் விளைவுகளே.
(ஈ) ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்க.
(உ) வீச்சுச் சோதிப்பை இயக்கி, கையால் கணித்த விடையுடன் ஒப்பிடுக.

நினைவிற் கொள்க: தொகுத்த கோப்பு ஒரு தொகுப்பானுக்கு உரியது, மூலச் செய்நிரல் உங்களுக்கு உரியது.

பயிற்சி

மேற்படி அலகு 16 பிற்று இன்டிஜரில் எத்தனை மூடைகள் வரை சரியான விடை தரும்?

விடை: 496 மூடைகள் (496 × 66 = 32,736). 497 மூடைகளுக்கு 32,802 ஆகி எல்லையை மீறும்.