கட்டிக் கிடக்கும் படகுக்கு ஒரு சின்ன பேனல்

கம்பம் பள்ளத்தாக்கை நனைக்கும் முல்லைப் பெரியாறு அணைக்கு, நம் பொறியாளர்கள் தேக்கடியில் படகேறிப் போவது வழக்கம். எந்த ஏரியானாலும் இன்ஜின் படகைக் கிளப்புவது பேட்டரிதான். இரண்டு மாதம் கரையில் கட்டிப்போட்டுவிட்டு வந்து சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம், செல்ஃப் எடுக்காது.

பேட்டரி உழைத்துக் கெடுவதைவிட, சார்ஜ் இறங்கிய நிலையில் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது. புது பேட்டரிக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதைத் தடுக்க 10 வாட் சோலார் பேனல் போதும். நல்ல வெயில் நாலு மணி நேரம் விழுந்தால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர்-மணி கிடைக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்கு ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டே நாள் வெயிலில் அது ஈடாகிவிடும். ஆனால் பாதி இறங்கிய பேட்டரியை இதே பேனல் நிரப்ப அரை மாதத்துக்கு மேல் ஆகும். இறங்கவிடாமல் காப்பதுதான் இதன் வேலை. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பும் இதே பேட்டரியில் ஓடினால், பெரிய பேனல்தான் வேண்டும்.

பேனலை நேராக பேட்டரியில் மாட்டக் கூடாது. 12 வோல்ட் பேனல் என்பார்கள். வெறுமனே வெயிலில் வைத்து அளந்தால் 21 வோல்ட் காட்டும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் இருந்தால் பேட்டரி நிரம்பியதும் 13.5 வோல்ட் அளவில் நிறுத்திப் பிடிக்கும். ராத்திரியில் மின்சாரம் பேனலுக்குத் திரும்பி ஓடாமலும் தடுக்கும்.

இடமும் பார்க்க வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணையில் ஆடியிலும் வெயில் கிடைக்கும். தேக்கடியில் அப்போது மழைமேகம் கவிந்து கிடக்கும். அங்கே இரண்டு மடங்கு பேனல் வைப்பதே நல்லது.

சூரியனிலேயே படகை ஓட்டுவது வேறு கணக்கு. கேரளத்தின் வைக்கத்தில் 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' படகில் 75 பேர் போகலாம். அதன் கூரையில் 20 கிலோவாட் பேனல். நம் சின்ன பேனலைப் போல இரண்டாயிரம் மடங்கு. அதற்கும் கரையில் மின்சார சார்ஜ் உண்டு.

மலையடிவாரத் தோட்டக்காரர்களுக்கு இந்தச் சின்ன பேனல் புதிதல்ல. காட்டுப்பன்றியைத் தடுக்கப் போடும் சோலார் வேலியிலும் இதே பேனல், இதே பேட்டரிதான். பேனல் முகத்தைத் துடைப்பதும், டெர்மினலில் பூத்த வெள்ளையைச் சுரண்டி கிரீஸ் தடவுவதும், மூடியைத் திறந்து தகடு மூழ்கும்வரை டிஸ்டில்டு வாட்டர் விடுவதும் அவர்களுக்குப் பழகிய வேலை. படகில் கூடுதலாக ஒன்று: கட்டுக்கயிறோ கொடிக்கம்போ பேனல் மேல் நிழல் போடாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். ஓர் ஓரத்து நிழலே பாதி மின்சாரத்தைத் தின்றுவிடும்.